அம்மாவுக்குப் பிடிக்காத கிதார்... அம்மா முகத்தோடு ஓர் ஆல்பம்!

மிஷெல் சோங்மி ஸவ்னர். இந்தப் பெயரின் நடுவில் இருக்கிற 'சோங்மி' அவருடைய அம்மாவின் பெயர். பள்ளிக்கூட வயதில் மிஷெல் அதை மறைத்துவிட்டார். நடுப்பெயர் என்னவென்று யாராவது கேட்டால், அப்படி ஒன்று தனக்குக் கிடையாது என்று சொல்லிவிடுவார். சோங்மியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மிஷெல் ஸவ்னர். காகிதத்தில் பார்த்தால் அசல் அமெரிக்கப் பெண். நேரில் முகத்தைப் பார்க்கும்வரை யாருக்கும் சந்தேகம் வராது.

அதே மிஷெல், 27 வயதில் தன்னுடைய முதல் ஸ்டூடியோ ஆல்பத்தின் அட்டையில் அம்மாவின் இளவயதுப் புகைப்படத்தைப் போட்டார். அதைப் பார்க்க அம்மா உயிரோடு இல்லை.

பெயரை மறைத்ததற்கும் படத்தைப் போட்டதற்கும் நடுவே என்ன நடந்தது? அதைத்தான் மிஷெல் தன் பாடல்களில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கொரிய இசை என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது பிடிஎஸ், பிளாக்பிங்க். பளபளக்கும் உடை, பிசகாத நடனம், பின்னால் பெரிய கம்பெனிகள். மிஷெலின் உலகம் வேறு. கொரிய அம்மாவுக்கும் அமெரிக்க அப்பாவுக்கும் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, ஆங்கிலத்தில் பாடுகிறவர். சின்ன லேபிள், சின்ன இசைக்குழு, வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசிப்பது என்று வளர்ந்த 'இண்டி' இசைக்காரர். பாடல்களை அவரே எழுதுகிறார், தன் பாடல்களுக்கான வீடியோக்களில் பலவற்றை அவரே இயக்கவும் செய்கிறார். அவருடைய இசைக்குழுவின் பெயர் 'ஜாப்பனீஸ் பிரேக்ஃபாஸ்ட்'. கொரிய வம்சாவளிப் பெண்ணின் குழுவுக்கு ஏன் ஜப்பான் பெயர் என்ற கதை பின்னால் வருகிறது.

நள்ளிரவில் பாட்டி வீட்டு ஃபிரிட்ஜ்

மிஷெல் பிறந்தது 1989 மார்ச் 29 அன்று, சியோலில். அப்பா, அமெரிக்க ராணுவத்தினருக்கு கார் விற்கும் வேலைக்காகக் கொரியா போனவர். அம்மா அங்கே ஹோட்டலில் வேலை பார்த்தவர். மிஷெல் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள யூஜீன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. வீடு ஊருக்குள்கூட இல்லை, சில மைல் தள்ளி, மரங்களுக்கு நடுவே. பக்கத்தில் விளையாடப் பிள்ளைகள் கிடையாது. கூடப்பிறந்தவர்களும் கிடையாது. அம்மாவே துணை, அம்மாவே காவல்.

அந்த அம்மா கொஞ்சுகிற ரகம் இல்லை. மகள் மரத்திலிருந்து சறுக்கி விழுந்தால் முதலில் வருவது திட்டு. எப்படி உட்கார வேண்டும், எப்படி உடுத்த வேண்டும், முகத்துக்கு என்ன கிரீம் பூச வேண்டும் என்று எல்லாவற்றிலும் கறார். ஆனால் ஒருவருக்கு எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்பதை ஒரு தடவை கவனித்துவிட்டால் போதும். அடுத்த முறை அவர் வரும்போது கேட்காமலே அது தட்டில் இருக்கும். 'சாப்பிட்டியா?' என்ற ஒரே கேள்வியில் முழுப் பாசத்தையும் அடக்கிவிடுகிற அம்மாக்களை அறிந்தவர்களுக்கு சோங்மியைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோடை விடுமுறைக்கு அம்மாவும் மகளும் சியோல் போவார்கள். அங்கே பாட்டி, பெரியம்மா, சித்தி என்று வீடு நிறைய ஆட்கள். மிஷெலுக்குத் தெரிந்த கொரிய மொழி கொஞ்சம்தான். யூஜீனில் வாரம் ஒருநாள் கொரிய வகுப்புக்கு அனுப்பிப் பார்த்தும் அது சரியாக ஒட்டவில்லை. பெரியவர்கள் பேசுவதில் பாதி புரியாது. ஆனால் சாப்பாட்டு மேஜையில் மிஷெலை யாரும் மிஞ்ச முடியாது. தட்டில் இன்னும் நெளிந்துகொண்டிருக்கும் ஆக்டோபஸ் துண்டைக்கூட முகம் சுளிக்காமல் வாயில் போட்டுக்கொள்வார். அப்படிச் சாப்பிட்டால் பெரியவர்கள் மெச்சுவார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

விமானப் பயணத்தால் தூக்கம் பிடிபடாத நடுராத்திரிகளில் அம்மாவும் மகளும் சத்தமில்லாமல் எழுந்து பாட்டியின் சமையலறைக்குப் போவார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து, டப்பா டப்பாவாக இருக்கும் பக்க உணவுகளை நின்றபடியே தின்பார்கள். சோயா சாஸில் ஊறிய நண்டை மகள் உறிஞ்சிச் சாப்பிடுவதைப் பார்த்து, இவள் நிஜமான கொரியப் பெண்தான் என்று அம்மா பூரித்துப் போவாராம். மிஷெல் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் நினைவில் நிற்கும் காட்சிகளில் இதுவும் ஒன்று. அம்மாவின் ஊருக்குள் நுழைய அவருக்குக் கிடைத்த முதல் அனுமதிச்சீட்டு, அந்த இருட்டுச் சமையலறையில் கிடைத்தது.

திரும்பி யூஜீனுக்கு வந்தால் கதை மாறிவிடும். சியோலில் அவருடைய இரட்டை இமையையும் சின்ன முகத்தையும் புகழ்ந்தவர்கள் உண்டு. யூஜீன் பள்ளியிலோ 'நீ சீனாவா, ஜப்பானா?' என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை என்றால், அப்புறம் நீ என்னதான் என்பார்கள். கொரியா என்று ஒரு நாடு இருப்பதே கேட்ட பிள்ளைகளுக்குத் தெரியாது. இந்த வயதில்தான் 'சோங்மி' காணாமல் போனது.

'அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் இருக்கு'

பதின்வயதில் மிஷெல் கைக்கு கிதார் வந்தது. கேட்டு நச்சரித்து வாங்கிய, விலை குறைந்த கிதார். வாங்கிக் கொடுத்ததற்காக அம்மா எத்தனை முறை வருந்தியிருப்பாரோ! படிப்பில் கவனம் குறைந்தது, வீட்டில் சண்டை கூடியது. மகள் 'லிட்டில் கேர்ள், பிக் ஸ்பூன்' என்ற பெயரில் யூஜீனில் மேடையேற ஆரம்பித்தார். பாடகியாகப் போகிறேன் என்று சொன்னபோது, நீ இதை எப்போது கைவிடுவாய் என்றுதான் காத்திருக்கிறேன் என்கிற தொனியில் அம்மா பதில் சொன்னார். வெளிநாட்டில் தனியாக ஒரு பிள்ளையை வளர்க்கிற தாய்க்கு, வருமானத்துக்கு உத்தரவாதம் இல்லாத தொழில் மேல் நம்பிக்கை வராததில் ஆச்சரியம் இல்லை. மகளுக்கு அது அன்று புரியவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவே அந்த கிதார் ஒரு சுவர் மாதிரி நின்றது.

கிதார் கற்ற நாள்களில் மிஷெல் ஒரு டிவிடி பார்த்தார். 'யே யே யேஸ்' என்ற ராக் குழுவின் மேடை நிகழ்ச்சி. அதன் பாடகி கரென் ஓ, தென்கொரியாவின் பூசானில் கொரிய அம்மாவுக்குப் பிறந்தவர். மேடையில் துள்ளுகிறார், தண்ணீரைத் துப்புகிறார், மைக்கை வாய்க்குள் திணித்துக்கொள்கிறார். அடக்க ஒடுக்கமான ஆசியப் பெண் என்று மற்றவர்கள் வைத்திருந்த அச்சு அந்த மேடையில் உடைந்து போனது. மிஷெலுக்குப் பரவசம். கூடவே ஒரு பயமும் வந்தது. இந்த இடத்தில் ஏற்கெனவே ஓர் ஆசியப் பெண் இருக்கிறாரே, இனி எனக்கு எங்கே இடம் என்று நினைத்தாராம்.

யோசித்துப் பார்த்தால் வேடிக்கையான கவலை. கிதாரோடு நிற்கும் நூறு வெள்ளைக்கார ஆண்களைப் பார்த்து இன்னொரு வெள்ளைக்காரப் பையன், இடம் நிரம்பிவிட்டது என்று கவலைப்பட மாட்டான். தன்னைப் போன்றவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலிதான் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணம், யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தப் பெண்ணின் மனதுக்குள் நுழைந்திருக்கிறது.

ஊரைவிட்டுப் போனால் போதும் என்று அமெரிக்காவின் மறுகரைக்குப் படிக்கப் போனார். ஃபிலடெல்ஃபியா அருகே உள்ள பிரின் மார் பெண்கள் கல்லூரியில் 2011-ல் படிப்பை முடித்தார். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே 'லிட்டில் பிக் லீக்' என்ற குழுவில் பாடினார். அந்தக் குழுவில் ஆற்றலுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பாடல்களை இன்று கேட்டால், தன் குரல் எது என்று தேடிக்கொண்டிருக்கிற ஒருவர்தான் தெரிகிறார்.

2013 ஜூன் மாதம் ஒரு விளையாட்டு போலத் தனியாக ஒன்றைச் செய்தார். தினம் ஒரு பாட்டு எழுதி, பதிவுசெய்து, இணையத்தில் போடுவது. அதற்கு வைத்த பெயர்தான் ஜாப்பனீஸ் பிரேக்ஃபாஸ்ட். ஜப்பானியக் காலை உணவின் படம் ஒன்றைப் பார்த்தபோது அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்பது பிடித்துப்போனதாம். அவ்வளவுதான் காரணம். 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சிக்குள் இருந்த நாடு கொரியா. அந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் உறுத்தும். இன்றுவரை அவரை ஜப்பானியர் என்றே நினைத்துக்கொள்கிற ரசிகர்களும் இருக்கிறார்கள். 'நீ சீனாவா, ஜப்பானா?' என்று கேட்ட பிள்ளைகளுக்குத் தானே குழப்பத்தைக் கூட்டிக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

ஆறு மாதங்கள்

2014-ம் ஆண்டு மே மாதம் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நோய் முற்றிய நிலை. மிஷெலுக்கு அப்போது 25 வயது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு யூஜீனுக்குத் திரும்பினார். எந்த வீட்டிலிருந்து ஓடிப்போனாரோ அதே வீட்டுக்கு.

சோங்மி தன் தங்கையை, அதாவது மிஷெலின் சித்தியை, இதே மாதிரி புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தங்கை எத்தனையோ சுற்று கீமோ எடுத்தும் பலனில்லாமல் போனதைக் கூடவே இருந்து பார்த்தவர். அதனால் தனக்கு இரண்டு சுற்றுக்குப் பிறகும் கட்டி சுருங்கவில்லை என்றதும் சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தார். கடைசியாக ஒருமுறை சியோலையும் ஜேஜு தீவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று குடும்பமாகக் கிளம்பினார்கள். சியோலில் இறங்கியதும் அம்மாவின் உடல்நிலை மோசமானது. ஊரைப் பார்க்கப் போனவர்கள் மருத்துவமனை அறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஜேஜு போகவே இல்லை.

அம்மா இருக்கும்போதே கல்யாணம் நடக்கட்டும் என்று மிஷெல் தன் காதலர் பீட்டரை யூஜீன் வீட்டுத் தோட்டத்திலேயே அவசர அவசரமாகத் திருமணம் செய்துகொண்டார். அம்மா இருந்து பார்த்தார். அடுத்த சில வாரங்களில், அக்டோபர் 18 அன்று, அவர் இறந்துபோனார்.

அந்த ஆறு மாதங்களில் மிஷெலைக் குத்திய விஷயம் ஒன்று உண்டு, அதுவும் சாப்பாட்டைப் பற்றியதுதான். அம்மாவுக்குத் தானே சமைத்துப் போட வேண்டும் என்று ஆசை. காலம் முழுக்க ஊட்டியவருக்கு ஒரு தடவையாவது திருப்பி ஊட்ட வேண்டாமா? ஆனால் கொரியச் சமையல் அவருக்குத் தெரியாது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கிய கொரியத் தோழி ஒருவர், அம்மாவின் வாய்க்கு ஒத்துப்போன பைன் கொட்டைக் கஞ்சியைச் செய்துகொடுப்பார். கற்றுக் கொடுங்கள் என்று மிஷெல் கேட்டார். அவர் கற்றுக்கொடுக்கவில்லை. இரண்டு பெண்களும் கொரிய மொழியில் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். சொந்த அம்மாவின் அறைக்குள்ளேயே மகள் வெளியாள் போல நின்றார்.

யூடியூப்பில் கிடைத்த கஞ்சி

அம்மா போன பிறகு அந்தக் கஞ்சியை மிஷெல் இணையத்தில் தேடினார். கிடைத்தவர் மாங்சி. நியூயார்க்கில் வசித்துக்கொண்டு யூடியூப்பில் கொரியச் சமையல் கற்றுத்தரும் பெண்மணி, ஒரு தலைமுறைக்கே சமையல் குரு. அரிசியை ஊறவைத்து, பைன் கொட்டையோடு அரைத்து, தண்ணீர் விட்டு, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அம்மாவுக்குத் தர முடியாமல் போனதை, அம்மா இல்லாத வீட்டில், தனக்காகக் காய்ச்சிக் குடித்தார்.

பிறகு கிம்ச்சி. முட்டைகோஸை உப்பில் ஊறவைத்து, மிளகாய்த் தூள் விழுது தடவி, ஜாடியில் அடைத்துப் புளிக்கவைக்கிற கொரிய ஊறுகாய். மாதாமாதம் கிம்ச்சி போடுவது அவருக்கு ஒரு நோன்பு போல ஆனது. அம்மா பயன்படுத்திய கிம்ச்சி ஃபிரிட்ஜை ஒருநாள் திறந்து பார்த்தால், உள்ளே கிம்ச்சிக்குப் பதிலாகப் பழைய குடும்பப் புகைப்படங்கள் குவிந்து கிடந்தன. ஒரு கதாசிரியர் கற்பனையாக இப்படி எழுதினால், கொஞ்சம் ஓவர் என்று ஆசிரியர் அடித்திருப்பார். நிஜத்தில் நடந்தது.

இந்த நாள்களில் அவர் அடிக்கடி போன இடம் 'ஹெச் மார்ட்'. 1982-ல் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் ஒற்றை மளிகைக் கடையாகத் தொடங்கி, அமெரிக்கா முழுக்கப் பரவிய கொரியப் பல்பொருள் அங்காடி. அந்த 'ஹெச்' எழுத்து 'ஹன் ஆ ரும்' என்ற கொரியச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டு கையும் கொள்ளுகிற அளவுக்கு அள்ளிக்கொண்டு போகும் சாமான் என்று பொருள். அங்கே எந்த பிராண்ட் கடற்பாசியை வாங்குவது என்று கேட்க இனி போன் செய்ய ஆள் இல்லை என்பது உறைக்கும்போது, அலமாரிகளுக்கு நடுவில் நின்று அழுதுவிடுவார். உணவுப் பகுதியில் வயதான கொரியப் பாட்டிகளைப் பார்த்தால், அம்மா இந்த வயதுக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருப்பார் என்று கண் போகும்.

இதைப் பற்றி 2018 ஆகஸ்ட்டில் 'நியூயார்க்கர்' இதழில் கட்டுரை எழுதினார். அது பரவிய வேகத்தில் புத்தகமாக விரிந்தது. 2021 ஏப்ரலில் வெளியான 'க்ரையிங் இன் ஹெச் மார்ட்', நியூயார்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் ஓராண்டுக்கும் மேலாக இருந்தது. கொரிய மொழியிலும் வந்தது. அம்மாவை இழந்தவர்களும், அம்மாவின் மொழியை இழந்தவர்களும் அதை ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள்.

கடைசி ஆல்பம் என்று நினைத்த முதல் ஆல்பம்

புத்தகத்துக்கு முன்பே பாடல்கள் வந்துவிட்டன. அம்மா இறந்தபின் யூஜீன் வீட்டு வளாகத்திலேயே இருந்துகொண்டு மிஷெல் பாடல்களைப் பதிவுசெய்தார். இதை முடித்துவிட்டு ஒழுங்காக ஒரு வேலைக்குப் போய்விடலாம் என்ற எண்ணம். சொன்னபடி நியூயார்க் போய் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலைக்கும் சேர்ந்தார். கைவிட்டுவிடுவாள் என்று அம்மா காத்திருந்தது, அம்மா போன பிறகு நடக்க இருந்தது.

அந்தப் பாடல்கள் 2016 ஏப்ரலில் 'சைக்கோபாம்ப்' என்ற ஆல்பமாக ஒரு சின்ன லேபிளில் வெளிவந்தன. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். இறந்தவரின் ஆன்மாவை மறு உலகுக்கு வழிநடத்திப் போகிறவர் என்று கிரேக்கத்தில் பொருள். அட்டையில், இளம்பெண்ணாக சோங்மி, கேமராவை நோக்கிக் கை நீட்டியபடி. ஆல்பத்தின் பெயர்ப் பாடலில் அவருடைய குரலும் ஒலிக்கிறது.

இழவு வீட்டுப் பாடல்கள் என்று நினைத்துக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். மெட்டுகள் பளிச்சென்று இருக்கின்றன. சில பாடல்களுக்குக் கால் தானாகத் தாளம் போடும். வரிகளைக் கவனித்தால்தான் எஜமானி இல்லாத வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் அலைகிற நாயும், மிச்சமிருக்கும் பொருள்களை என்ன செய்வது என்ற தவிப்பும் தெரியவரும். அழுகையை அழுகையாகவே பாடாமல், வீட்டுச் சாமான்களின் வழியே பாடியதுதான் இந்த ஆல்பத்தின் பலம். தன் குரலைத் தேடி அலைந்தவருக்கு, பாட வேண்டியது என்னவென்று இங்கே தெரிந்துவிட்டது.

அதில் ஒரு பாட்டின் வீடியோவைப் பார்த்தாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். அம்மாவின் ஹன்போக், அதாவது கொரியர்களின் பாரம்பரிய உடையை அணிந்துகொண்டு ஃபிலடெல்ஃபியாவில் சுற்றுகிறார். மோட்டார் சைக்கிளில் போகிறார், பாருக்குப் போகிறார், கிதாரைப் போட்டுத் தாக்குகிறார். மரியாதைக் குறைவு என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். ஆனால் கிதாரும் அம்மாவும் சண்டை போடாமல் ஒரே சட்டகத்துக்குள் வந்த இடம் அது.

அந்தக் கோடையில் ஐந்து வாரச் சுற்றுப்பயணம் ஒன்றில் முன்வரிசைப் பாடகியாக வாசிக்க அழைப்பு வந்தது. முக்கியக் கலைஞர் மிட்ஸ்கி, ஜப்பானிய அம்மாவுக்குப் பிறந்த அமெரிக்கப் பாடகி. கூட வந்த இன்னொருவர் ஜே சோம், பிலிப்பைன்ஸ் வம்சாவளி. ஓர் இரவில் ஒரே மேடையில் மூன்று ஆசிய அமெரிக்கப் பெண்கள், மூவரும் தங்கள் பாடல்களைத் தாங்களே எழுதுகிறவர்கள். முன்வரிசையில் நின்ற பதின்வயதுப் பெண்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் முகச்சாயல் மேடையில் தெரிந்தது. ஒரே நாற்காலி என்று பயந்த அந்த யூஜீன் பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்? விளம்பர நிறுவன வேலை அத்தோடு முடிந்தது.

2017-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு, ஜேஜு தீவின் 'ஹேன்யோ' பெண்களை நினைத்து எழுதியது. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் மூச்சை அடக்கிக் கடலுக்குள் மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுத்துவருகிற மூதாட்டிகள். அம்மாவோடு போக முடியாத தீவு, பாட்டுக்குள் வந்து சேர்ந்தது. அதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டு வீடியோவுக்காக, தான் வளர்ந்த யூஜீன் இடங்களுக்கே கேமராவோடு திரும்பிப் போனார்.

துவர்ப்பும் இனிப்பும்

இரண்டு ஆல்பங்கள், ஒரு புத்தகம் என எல்லாம் துக்கம். போதும், இனி மகிழ்ச்சியைப் பாடலாம் என்று எழுதியது 2021 ஜூனில் வந்த 'ஜூபிலி'. அட்டையில் மஞ்சள் உடையில் மிஷெல், சுற்றிலும் நூலில் தொங்கும் பெர்சிமன் பழங்கள். காயாக இருக்கும்போது நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு, தோல் சீவிக் காயவைத்தால் தேன் போல இனிக்கும். கொரியாவில் இலையுதிர் காலத்தில் வீடுகளில் இப்படிக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். இந்த ஆல்பத்துக்கு இரண்டு கிராமி பரிந்துரைகள் கிடைத்தன. இரண்டு விருதுகளும் வேறு கைகளுக்குப் போயின. ஆனால் சிறந்த புதுமுகக் கலைஞர் பட்டியலில், பத்து வருடமாக வாசித்துக்கொண்டிருந்த 32 வயதுக்காரரின் பெயர் வந்ததே ஒரு நல்ல நகைச்சுவை. 2022-ல் 'டைம்' இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலிலும் இடம்பெற்றார். ஜூபிலியின் 'பி ஸ்வீட்' பாட்டு கொரிய மொழியிலும் பதிவானது.

ஒரு குறையும் சொல்லலாம். மகிழ்ச்சியைப் பாடும்போது மிஷெல் சில இடங்களில் பிறர் வேடத்தைப் போட்டுக்கொள்கிறார். கோடீஸ்வரன், சிறுநகரத்துப் பையன் என்று. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் முதல் ஆல்பத்தின் நெருக்கம் அதில் கொஞ்சம் குறைவு. 2025 மார்ச்சில் வந்த நான்காவது ஆல்பம் மீண்டும் நிதானமான, சோகம் படிந்த பாடல்களுக்குத் திரும்பியது.

பாதி தெரிந்த பாட்டு

இவ்வளவு புகழுக்கு முன், 'சைக்கோபாம்ப்' ஆல்பத்துக்கான ஆசியப் பயணத்தின் கடைசி நிகழ்ச்சி சியோலில் நடந்தது. பெரியம்மா நிகழ்ச்சிக்கு வந்திருந்தார். பாடி முடித்ததும் கொரிய இளைஞர்கள் வரிசையில் நின்று இசைத்தட்டு வாங்கினார்கள். அட்டையில் சோங்மியின் முகம். அவர் பிறந்து வளர்ந்த நகரத்தின் ஏதேதோ வீடுகளுக்கு அந்த முகம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்ததை மகள் நின்று பார்த்தார்.

அந்தப் பயணத்தில் பெரியம்மாவோடு கரோக்கே அறைக்குப் போனார்கள். 'கோபி ஹன்ஜன்' என்ற பாட்டு போட்டார்கள். 'ஒரு கப் காபி' என்று அர்த்தம். 1968-ல் பேர்ல் சிஸ்டர்ஸ் பாடிய, அம்மாவின் சின்ன வயதோடு ஒட்டிக்கிடந்த பாட்டு. திரையில் கொரிய எழுத்துகள் ஓட, அவற்றைத் துரத்திப் பிடித்துப் பிடித்து மிஷெல் பாடினார். எழுத்து படிக்க வரும். எல்லாச் சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. பெரியம்மாவுக்கும் ஆங்கிலம் அவ்வளவு வராது. அம்மா இருந்தவரை நடுவில் மொழிபெயர்க்க ஆள் இருந்தது.

பாட்டி போய்விட்டார், சித்தி போய்விட்டார், அம்மாவும் போய்விட்டார். சியோலில் அந்த மூன்று சகோதரிகளில் மிஞ்சியிருப்பது பெரியம்மா மட்டும்தான். 2024-ல் மிஷெல் மேடைகளை நிறுத்திவிட்டு ஒரு வருடம் சியோலில் போய்த் தங்கினார். முப்பத்தைந்து வயதில் வகுப்பில் உட்கார்ந்து கொரிய மொழியைப் பாடம் பாடமாகப் படித்தார். சின்ன வயதில் வாரம் ஒருநாள் வேண்டாவெறுப்பாகப் போன அதே பாடம். அந்த ஒரு வருடத்தைத் தன் இரண்டாவது புத்தகமாக எழுத வேண்டும் என்பது அவருடைய திட்டம்.